மாடிப்படி விளக்கின் இரண்டு சுவிட்சுகள்

மாடிப்படி விளக்கைச் சரி செய்த அன்று வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். என் மகன் கூடத்தில், வாசலைப் பார்த்த நாற்காலியில், கிளம்பத் தயாராக இருப்பவன் மாதிரி நுனியில் உட்கார்ந்திருந்தான். மருமகள் அவனுக்குப் பக்கத்தில், கைப்பையை மடியிலிருந்து இறக்காமல். எலக்ட்ரீஷியன் நாற்காலி வேண்டாமென்று சொல்லிவிட்டுத் தன் கருவிப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். நான் மாடிப்படியின் கடைசிப் படியில், கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு. என் மகளையும் கணக்கில் சேர்த்தால் ஐந்து பேர். அவள் இருப்பது தொலைவில். மேஜைமேல் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்த போனுக்குள் அவள் முகம் மட்டும் இருந்தது, அதுவும் நெற்றி பாதி வெட்டுப்பட்டு.

பேச்சை அவள்தான் ஆரம்பித்தாள்.

"அம்மா, முடிவா சொல்லிடு. வீட்டைப் பூட்டிட்டு என்கூட வர்றியா, இல்லையா?"

"விளக்கு சரியாகட்டும். விழுந்தது விளக்கு எரியாததாலதானே. அது எரிஞ்சா நான் ஏன் விழப்போறேன்?"

"சரி, ஒத்துக்கறேன். இன்னிக்கு அது ஒழுங்கா எரிஞ்சா உன்னை வான்னு கூப்பிடறதை விட்டுடறேன். எரியலேன்னா அடுத்த வாரமே டிக்கெட் போடுவேன்."

"அத்தை, நல்லா யோசிச்சு ஒத்துக்குங்க. இவ டிக்கெட் போட்டா கேன்சல் பண்ற ஆள் இல்ல," என்றாள் மருமகள்.

நான் ஒத்துக்கொண்டேன். என் வீட்டில் நான் இருப்பதா வேண்டாமா என்பது ஒரு விளக்கின் தலையில் வந்து நின்றது.

எலக்ட்ரீஷியன் எழுந்து போய்க் கீழே சுவிட்சைத் தட்டினார். எரியவில்லை. மாடிப்படி எங்கள் வீட்டில் இரண்டு சுவர்களுக்கு நடுவே அடைத்தாற்போல் ஏறும். ஜன்னல் கிடையாது, பகலிலும் இருட்டுதான். அவர் தடவித் தடவி மேலே ஏறி அங்கிருந்த சுவிட்சையும் தட்டினார். விளக்கு எரிந்தது.

"எரியுதேம்மா. என்ன குறை இதுல?"

"அங்கேயே அணைச்சிட்டுக் கீழே வந்து போடுங்க."

அவர் அப்படியே செய்தார். கீழே சுவிட்ச் டக் டக்கென்று சத்தம் போட்டதே தவிர விளக்கு அசையவில்லை. தலையைச் சொறிந்தார்.

"அப்போ ரெண்டும் போட்டாதான் எரியுமா?"

"ஆமா. ரெண்டு பேர் வேணும்," என்றேன்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். வீடு கட்டிய புதிதில் மாடிப்படிக்கு விளக்குப் போட்டது என் கணவர். ஆள் வைக்கவில்லை, தானே போட்டார். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், எங்கே நின்றாலும் போடலாம், எங்கே நின்றாலும் அணைக்கலாம் என்பது அவர் திட்டம். வேலை முடிந்ததும் என்னை மாடிக்கு அனுப்பினார். "நான் போட்டாச்சு, நீ போடு" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார். போட்டேன். எரிந்தது. "பாத்தியா?" என்றார். பார்த்தேன்.

மறுநாள் நான் மேலே அணைத்துவிட்டு வந்த பிறகு கீழே போட்டால் எரியவில்லை. சொன்னேன். சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கலாம். அவர் திறக்கவில்லை. சட்டம் போட்டார். யார் அணைத்தாலும் சொல்லிவிட்டு அணைக்க வேண்டும், யாருக்கு விளக்கு வேண்டுமோ அவர்கள் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். "மேலே போடு." "கீழே போடு." இதுதான் எங்கள் வீட்டுப் பழக்கமாகிப் போனது. வந்தவர்கள் சிரித்தால், "ரெண்டு பேர் சம்மதம் இருந்தாதான் எங்க வீட்ல விளக்கு எரியும்," என்று பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார். கடைசிவரை அதைத் தப்பு என்று அவர் வாயால் சொன்னதில்லை.

நாங்கள் சண்டை போட்ட நாட்களில் மாடிப்படி இருட்டாகவே இருக்கும். அவர் மேலே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் கீழே சுவிட்சைப் போட்டுவிட்டு, கூப்பிடாமல் வேலையைப் பார்ப்பேன். திடீரென்று விளக்கு எரியும். அவர் கோபம் ஆறிவிட்டது என்று அர்த்தம். மன்னிப்பு என்ற வார்த்தையை நாங்கள் செலவழித்ததே இல்லை.

"அப்பா போட்டதா இது? ஆள் வெச்சுப் போட்டதா இல்ல சொன்னாரு," என்றான் மகன்.

"உங்கப்பா அப்படித்தான் சொல்வார்."

"எல்லா வீட்லயும் மாடி லைட் இப்படித்தான்னு நெனச்சுட்டு இருந்தேன். ஹாஸ்டல்ல சேர்ந்த அன்னிக்குப் படிக்குக் கீழ நின்னு 'மேலே போடுங்க'ன்னு கத்தினேன். அத்தனை பேரும் எட்டிப் பார்த்தாங்க. படிச்சு முடிக்கிற வரைக்கும் எனக்கு அங்க பேரே 'மேலே போடு'தான்."

போனுக்குள் மகள் சிரித்தாள். "எங்கிட்ட சொல்லவே இல்லையே நீ."

"சொன்னா நீயும் கூப்பிடுவே."

எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டுக் கீழ்ச் சுவிட்சைக் கழற்றினார். இரண்டு சாதாரண சுவிட்சுகள் ஒரே கம்பியில் வரிசையாகக் கோக்கப்பட்டிருந்தன. ஒன்று அணைந்தாலும் கரண்ட் அங்கேயே நின்றுவிடும். இதற்கு டூ-வே சுவிட்ச் இரண்டு போட வேண்டும், இரண்டுக்கும் நடுவில் இன்னொரு கம்பி இழுக்க வேண்டும் என்றார். சுவருக்குள் குழாய் போவதால் மேலே ஒருவர் கம்பியை விட வேண்டும், கீழே ஒருவர் இழுக்க வேண்டும். மகன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மாடிக்குப் போனான்.

"விடுங்க தம்பி."

"விட்டுட்டேன்."

"எங்க விட்டீங்க? வரலையே."

"நான் விட்டுட்டுதான் இருக்கேன், நீங்க இழுங்க."

"இழுத்தாச்சு. இன்னும் கொஞ்சம் விடுங்க."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் படியில் உட்கார்ந்தபடி இரண்டு குரலும் என் தலைக்கு மேலே ஏறி இறங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகு அந்தப் படிகளில் இவ்வளவு சத்தம் கேட்டது அன்றைக்குத்தான்.

என் படுக்கை மாடியில். தனியாளாக ஆன பிறகு, காலையில் இறங்கும்போது மேல் சுவிட்சைப் போட்டுவைத்துவிட்டு இறங்க வேண்டும், அப்போதுதான் சாயங்காலம் கீழிருந்து எரியும். பெரும்பாலும் ஞாபகமாகச் செய்துவிடுவேன். ஒருநாள் மறந்துபோனேன். கீழே சுவிட்சைத் தட்டினேன், எரியவில்லை. பழக்கத்தில் "மேலே போடு" என்றேன். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றுகூடப் பார்த்தேன். பிறகு இருட்டிலேயே ஏறினேன், கால் பிசகி விழுந்தேன். கூப்பிட்டதையும் நின்றதையும் பிள்ளைகளிடம் சொல்லவில்லை.

புதுச் சுவிட்சுகளை மாட்டி, மெயினைப் போட்டு, எலக்ட்ரீஷியன் சோதித்தார். பழையபடியே இருந்தது. ஒன்றைத் தட்டினால் இல்லை, இரண்டையும் தட்டினால்தான் எரிந்தது.

"டிக்கெட் போடவா?" என்றாள் மகள்.

"இரும்மா, இரும்மா," என்று எலக்ட்ரீஷியன் போனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். மேல் சுவிட்சைத் திரும்பக் கழற்றினார். "நடுவுல வர வேண்டிய கம்பியை ஓரத்துல முடுக்கிட்டேன். எங்கயும் இப்படி நடந்ததில்லம்மா. உங்க வீட்டுக்காரர் எங்கயோ நின்னுக்கிட்டு என் கையைப் பிடிச்சுத் திருப்பறாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எலக்ட்ரீஷியன் கம்பியை மாற்றி முடுக்கும்போது, அவசரப்படாமல் செய்யட்டும் என்று மனசு சொன்னது.

இந்த முறை சரியாகிவிட்டது. கீழே போட்டு மேலே அணைக்கலாம், மேலே போட்டுக் கீழே அணைக்கலாம். மகன் ஏறி இறங்கி, இறங்கி ஏறிப் பார்த்தான். மகள், "சரிம்மா, நீ ஜெயிச்சுட்டே. இனிமே கேக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். சொன்னால் சொன்னதுதான் அவளுக்கு, அவள் அப்பாவைப் போல. எலக்ட்ரீஷியன் பழைய சுவிட்சுகளைக் குப்பைக்கு எடுத்துப் போகப் பார்த்தார். இருக்கட்டும் என்று வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டேன். காபி குடித்தார்கள். ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

சாயங்காலம் மாடிக்குப் போகக் கீழே சுவிட்சைப் போட்டேன். விளக்கு உடனே எரிந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். படிகள் ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிந்தன. மேலே போய் அணைத்தேன், அணைந்தது. திரும்பப் போட்டேன், எரிந்தது. யாரையும் கேட்க வேண்டியதில்லை. யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இருமினேன். வீட்டில் அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. அவர்கள் கிளம்பும்போது "பாத்துப் போங்க" என்று சொன்ன பிறகு நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இனிமேல் பேசாமலே இந்த வீட்டில் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். அதற்கு வேண்டிய வசதி எல்லாம் வந்துவிட்டது.

காலையில் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து மகளுக்குக் கடிதம் எழுதினேன். போனில் சொன்னால் நான் பாதி சொல்வதற்குள் அவள் மீதியைச் சொல்லிவிடுவாள்.

"அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது. கால் வீக்கம் வடிந்து வருகிறது. விளக்கு ஒரு குறையும் இல்லாமல் எரிகிறது. பந்தயத்தில் நான்தான் ஜெயித்தேன், அதை மறந்துவிடாதே. விழுந்துவிடுவேன் என்ற பயத்தில் வருகிறேன் என்று யாரிடமும் சொல்லாதே. விளக்கு இவ்வளவு நன்றாக எரிவதால் வருகிறேன். உன் வீட்டில் மாடி கிடையாது என்பது தெரியும். குளியலறை விளக்கையாவது, உள்ளே யார் என்று கேட்டுவிட்டு அணைக்கும்படி உன் பிள்ளைகளிடம் சொல்லி வை. பதில் சொல்ல நான் இருப்பேன். டிக்கெட் போடு. கேன்சல் பண்ணச் சொல்ல மாட்டேன்."

ஒருமுறை படித்துப் பார்த்து, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினேன். மடித்து உறைக்குள் வைத்து, பசை தடவி, விளிம்பை நகத்தால் அழுத்தி ஒட்டினேன். செருப்பை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தும்போது, "இதோ வந்துடறேன்," என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுத் தெருமுனைக்கு மெல்ல நடந்து, தபால் பெட்டியில் போட்டேன்.