இரண்டு முறை வெளுத்த கோட்டு

தங்கச்சிக்கு மூன்று மணிக்கு இன்டர்வியூ. இரண்டு வருடமாக வேலை தேடி அலைந்தவளை இப்போதுதான் முதல்முறையாகக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கென்று பழைய துணிக் கடையில் ஒரு கோட்டு வாங்கி வந்தாள். உள்ளே இன்னொரு ஆள் தாராளமாகக் குடியிருக்கலாம்.

"தையல்காரி தங்கச்சி தொளதொளன்னு போய் நின்னா என் மானம்தான்டி போகும்," என்று அவளை என் கடையில் நிறுத்தி, பிடித்துத் தைக்கவேண்டிய இடத்திலெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டேன். பிறகு நூல் வாங்கப் போனேன். மகாராணி கோட்டைக் கழற்றி நடுக்கம்பியில் மாட்டிவிட்டு, முடி வெட்டக் கிளம்பிவிட்டாள்.

நடுக்கம்பி என் கடைக்கும் பக்கத்து லாண்டரிக்கும் பொது. நான் தைத்து மாட்டுவதை லாண்டரிக்காரர் எடுத்து இஸ்திரி போடுவார். எட்டு மாதமாக இப்படித்தான். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. பேச்சே இல்லாததால் சண்டையும் இல்லை.

திரும்பி வந்தால் கோட்டு ஈரமாகத் தொங்குகிறது. ஒரு கோடுகூட இல்லை. பக்கத்தில் லாண்டரிக்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

"அட பாவி மனுஷா! யாரைக் கேட்டுய்யா தொவைச்சே?"

என் குரல் மட்டும் அவருக்கு நன்றாகப் புரிந்தது. முகம் சுருங்கிவிட்டது. சரி, விளக்கித் தொலைப்போம் என்று சாக்பீஸை எடுத்து, அதே இடங்களில் அழுத்தி அழுத்திக் கோடு இழுத்தேன். "இங்க! இதோ இங்க! பார்த்தியா?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். அப்பாடா, மண்டையில் ஏறிவிட்டது என்று, தைக்கக் கொடுக்க வந்து வாசலில் நின்ற ஒரு அம்மாவிடம் ரவிக்கைத் துணி வாங்கப் போனேன். திரும்பினால் கோட்டைக் காணோம். பக்கத்தில் பரக் பரக்கென்று பிரஷ் சத்தம்.

ஓடினேன். உள்ளே வரிசையாகச் சட்டைகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் சாக்பீஸ் வட்டம், வட்டத்துக்குள் டீக் கறை, மைக் கறை. கறை இருக்கும் இடத்தைக் காட்ட அவர் தொழிலில் போடுகிற குறி அது. நானோ, கறை போகவே இல்லை என்று குறி போட்டுக் காட்டிக் கத்தியிருக்கிறேன். மனுஷர் வியர்க்க விறுவிறுக்கத் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மணி ஒன்று.

வாயை மூடிக்கொண்டேன். கோட்டை அவர்மேலேயே மாட்டி, இடுப்பில் துணியைப் பிடித்துக் குண்டூசி குத்தினேன். ஊசியைப் பார்த்தார், என் கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்தார். "ஓ..." என்று நீளமாக ஒரு சத்தம் வந்தது. உடனே இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கே வந்துவிட்டார். நான் ஒரு பக்கம் தைக்க, அவர் மறுபக்கம் காயவைத்தார். இரண்டரைக்குத் தங்கச்சி கோட்டை மாட்டினாள்.

"அக்கா, சுடுது!"

"ஓடுடி! போறதுக்குள்ள ஆறிடும்!"

ஏதோ முக்கியமான காரியம் என்று மட்டும் அவருக்கும் புரிந்திருந்தது. அதற்குப் பிறகு அவரும் வேலை பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ஐந்து மணிக்குப் போன் வந்தது.

"அக்கா, கெடைச்சிருச்சு! திங்கக்கிழமையே வரச் சொல்லிட்டாங்க!"

எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அப்படியே பக்கத்துக் கடைக்கு ஓடி அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். "கெடைச்சிருச்சுங்க! அவளுக்கு வேலை கெடைச்சிருச்சு!"

அவர் என் கண்ணீரைப் பார்த்தார். பொத்தென்று ஸ்டூலில் உட்கார்ந்து, நெஞ்சில் கை வைத்து, தன் பாஷையில் என்னவோ சொல்லித் தேம்ப ஆரம்பித்தார்.

"ஐயோ, இல்லீங்க, நல்ல சேதிங்க!" என்று சிரித்தேன். துக்கத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, மனுஷர் இன்னும் சத்தமாக அழுதார்.