கூரையடியில் ஒரு பார்வையாளர்

ஜைலோசி அந்தப் பெண்ணின் கணுக்காலை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். பார்வையாளர் மாடத்தின் கைப்பிடிச் சுவரைத் தாண்டி அவள் ஏற்கெனவே மேலே போய்விட்டாள். அவனுடைய சீருடைச் செருப்புகளும் தரையை விட்டுக் கிளம்பிவிட்டன. கீழே நாடாளுமன்றத்தில் கேள்வி நேரம் நடந்துகொண்டிருந்தது. அமைச்சர் கையிலிருந்த தாளைப் புரட்டிக்கொண்டே, கசிபா படகு மூழ்கிய விவகாரம் பரிசீலனையில் இருப்பதாகச் சொல்லி முடிக்க, அவள் இன்னும் ஒரு முழம் எழும்பினாள். சபாநாயகர் மட்டும் இந்த நேரம் பார்த்துத் தலையைத் தூக்கினால் போதும், கதை முடிந்தது. பார்வையாளர்கள் வெளியேறட்டும் என்று அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட்டால் மாடத்துக் கதவுக்குப் பூட்டுதான். முன்பு ஒருமுறை அப்படிப் பூட்டியபோது மாடத்துக் காவலர்கள் அத்தனை பேரும் கார் நிறுத்துமிடத்துக்கு விரட்டப்பட்டு, கதவு மறுபடி திறக்கும்வரை வெயிலில் காய்ந்தார்கள். ஜைலோசியின் பிடரியில் அந்த வெயில் இன்னும் இருந்தது.

"அக்கா, உங்க கால்ல விழுந்து கேக்குறேன், கீழ வாங்க. என் பொழப்புல மண்ணப் போட்டுராதீங்க," என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தான்.

அவள் உதட்டின் மேல் ஒரு விரலை வைத்து, மறு கை விரலால் சுவரில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினாள். மாடத்தில் பேசக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. விரலை நீட்டிக் காட்டக் கூடாது என்பது அதற்கு அடுத்த வரி. அவள் அதுவரை படிக்கவில்லை போலும். கைகள் வியர்த்து வழுக்கின. ஜைலோசி தொப்பென்று பெஞ்சில் விழுந்தான். அவன் கையில் அவளுடைய ரப்பர் செருப்பு ஒன்று மிஞ்சியது. அவள் நிதானமாக மேலே போய், கூரை விசிறிக்கும் சாளரத்துக்கும் நடுவில், மடியில் கை கோத்து உட்கார்ந்த வாக்கிலேயே நின்றுவிட்டாள்.

மாடத்தில் ஆட்கள் எழும்புவது புதிய சங்கதி அல்ல. அமைச்சர்கள் பதில் சொல்லும்போது பெஞ்சுக்கும் பார்வையாளருக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி விழும்; பட்ஜெட் நாளில் ஒரு சாண்கூட விழுவதுண்டு. பார்வையாளர்கள் இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி அமர வேண்டும் என்ற விதி அதற்காகத்தான் வந்தது. தோளில் மெதுவாகத் தட்டி அமுக்கிவிட்டால் இறங்கிவிடுவார்கள். மழையில் நனைந்த மூட்டையைத் தட்டி உட்கார வைப்பது போலத்தான். பதினேழு வருஷமாக அமுக்கி அமுக்கி ஜைலோசிக்கு வலது தோள்பட்டை இறங்கிப்போயிருந்தது. ஆனால் அமுக்கியும் இறங்காதவள் இவள் ஒருத்திதான்.

பெயர் எஸ்னாத்தி. ஏரிக்கரையில் கசிபா படகுத்துறையில் மாந்தாசிப் பணியாரம் சுட்டு விற்பவள். போன மழைக்காலத்தில் அந்தத் துறையிலிருந்து கிளம்பிய படகு, ஆட்களோடு ஒரு சிமெண்ட் லாரியையும் ஏற்றிக்கொண்டு போய் நடு ஏரியில் கவிழ்ந்தது. அவளுடைய ஒரே மகன் லைஃப்சன் அதில் இருந்தான். லாரியும் படகோட்டியின் உடலும் ஏரியின் அடியில் கிடந்தன. அங்கே ஆழம் அதிகம், யாரும் இறங்கிப் பார்க்கவில்லை. படகு மூழ்கியதற்குப் பொறுப்பு யார் என்று அந்தத் தொகுதி உறுப்பினர் ரைட்வெல் ந்தெம்பா அவையில் கேள்வி கொடுத்திருந்தார். அது எடுக்கப்படும் நாளில் எஸ்னாத்தி விடிகாலை மினிபஸ் பிடித்துத் தலைநகருக்கு வந்து, கைக்குழந்தைக்காரிகளுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் பின்னால் வரிசையில் நின்றாள். வாசல் மேசையில் இருந்த மெலியா, முறைப்படி போன், குடை, மாந்தாசிக் கூடை எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, கடைசியில் தலைவர் முகம் அச்சிட்ட துணி சுற்றிய அவள் இடுப்பைப் பார்த்தாள்.

"அக்கா, இந்தத் துணியோட உள்ள விடமாட்டாங்க. இது கட்சித் துணி."

"கட்சியாவது கத்திரிக்காயாவது! எலெக்‌ஷன்ல ஓசியா குடுத்தாங்க, கட்டிக்கிட்டேன். வீட்டுல நாலு துணி இருக்கு, நாலுலயும் எவனாவது ஒருத்தன் மூஞ்சிதான்."

"அந்த மூஞ்சி உள்ள இருக்கிறவங்களுக்கு ஆகாதுக்கா."

"ஆகாத மூஞ்சிய எதுக்கும்மா என் பின்பக்கத்துல கட்டிவிட்டாங்க?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மெலியாவும் சிரித்துவிட்டு, இப்படி வருகிறவர்களுக்காக மடித்து வைத்திருந்த வெறும் நீலத் துணி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். எஸ்னாத்தியின் அனுமதிச் சீட்டில் ரைட்வெல்லின் கையெழுத்து இருந்தது. யாரும் தன் தொகுதி உறுப்பினரின் விருந்தாளியாகத்தான் மாடத்துக்குள் நுழைய முடியும். அவர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட சீட்டுகள் கட்டுக் கட்டாகக் கிடக்கும். கேட்டவர் பெயரைக் குமாஸ்தாவே எழுதிக் கொடுத்துவிடுவார்.

அன்று மாலை அவை கலைந்ததும் ஜைலோசி, தலைக்காவலரான மார்ஷல் புத்துமாவின் முன் போய் நின்றான். கையில் அந்த ஒற்றைச் செருப்பு.

"யோவ், அவ சீட்டுல என்னய்யா போட்டிருக்கு?"

"'படகுக் கேள்வி முடியும்வரை'னு போட்டிருக்கு, சார்."

"முடிஞ்சுதா?"

"தள்ளி வச்சிருக்காங்க, சார்."

"அப்ப அவ முறைப்படிதான்யா இருக்கா. கத்துனாளா? கை தட்டுனாளா? தூங்குனாளா?"

"இல்ல சார். ஆனா பாதம் தரையில இல்ல."

மார்ஷல் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அவருக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. "தரைன்னா எந்தத் தரைன்னு விதியில சொல்லலியே," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

சபைக்குள் இதைவிடச் சுலபமாக முடிந்தது. மாடத்தில் இருப்பவர்களை அவை காண்பதில்லை என்பது வெள்ளைக்காரன் காலத்து வழக்கம். அங்கே யார் இருந்தாலும் எந்த உறுப்பினரும் அவர்களைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. சபாநாயகர் ஒருவர்தான் அவர்களைக் காணலாம். கண்டுவிட்டால் வெளியேற்றித்தான் ஆக வேண்டும். மறுநாள் எதிர்க்கட்சியில் ஒரு புதிய உறுப்பினர் எழுந்து, கூரையில் ஒரு அம்மா, என்று தொடங்கினார். அவைக்கு வெளியே இருப்பவரைக் குறிப்பிடாதீர்கள் என்றார் சபாநாயகர், தலையைத் தூக்காமலே. "வெளியே எங்கேய்யா இருக்கு, என் மண்டைக்கு நேர் மேலதானே இருக்கு!" என்று அந்த உறுப்பினர் கத்த, உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சபாநாயகரோ அன்று முதல் மேசையைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டார். கழுத்து வளைந்து கூன் விழுந்ததுதான் மிச்சம்.

ஜைலோசி உயரச் சாளரம் திறக்கும் கம்பின் நுனியில் தூக்கு டின்னை மாட்டி, மதியத்துக்குக் களியும் அவித்த கீரையும், மாலையில் தேநீரும் மேலே ஏற்றினான். அவள் சாப்பிட்டுவிட்டு டின்னைத் துடைத்துக் கம்பிலேயே மாட்டி அனுப்புவாள். மற்றத் தேவைகளுக்கு அவள் என்ன செய்தாள் என்று யாரும் கேட்கவில்லை. அதற்கு விதிகளில் இடம் இல்லை. விடுமுறை நாட்களிலும் அவள் பேசவில்லை. அவை ஒத்திவைக்கப்பட்டிருக்கிறதே ஒழிய இல்லாமல் போய்விடவில்லை என்பதில் அவள் கறாராக இருந்தாள். தலையை அசைப்பாள், சிரிப்பாள், அவ்வளவுதான். மழைக்காலம் பிறந்தால் அவளுடைய நீலத் துணியின் ஓரத்திலிருந்து ஏரித் தண்ணீர் அமைச்சர்களின் வரிசையில் சொட்டும். சில நாள் உசிப்பா மீன் குஞ்சுகளும் விழும். துப்புரவுப் பெண்கள் அவற்றைப் பொறுக்கித் தேநீர்க்கூடத்தில் உப்பிட்டு வறுத்துத் தின்றார்கள். நல்ல ருசி என்றுதான் சொன்னார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு உள்ளே நுழையும் முன் ஜைலோசி ஒப்பிக்கும் பாடத்தில், சூயிங் கம் மெல்லாதே, கைப்பிடிச் சுவரில் சாயாதே என்பவற்றோடு, மேலே இருப்பவரைச் சுட்டிக் காட்டாதே என்பதும் சேர்ந்துகொண்டது.

படகுக் கேள்வி தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அமைச்சருக்குக் காய்ச்சல், அப்புறம் அமைச்சரே மாறினார், வந்தவருக்குக் கோப்பு கிடைக்கவில்லை, விசாரணைக் குழு ஒன்று ஏரிக்குப் போய், ரைட்வெல்லின் வீட்டு முற்றத்தில் பெரிய மீனாகப் பார்த்துத் தின்று, நிழலில் படுத்து எழுந்து திரும்பியது. ரைட்வெல் மட்டும் சளைக்கவே இல்லை. கூட்டத்தொடர் தொடங்கினால் போதும், எழுந்து நின்று, என் மக்களின் கண்ணீருக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டு, கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொள்வார். பத்திரிகைகள் அவரைப் படகு உறுப்பினர் என்றே எழுதின. மற்ற உறுப்பினர்களாவது கொட்டாவி விடும் சாக்கில் ஓரக்கண்ணால் கூரையைப் பார்ப்பார்கள். அவர் ஒருநாளும் நிமிர்ந்தது கிடையாது. அவை மரபை அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று சபாநாயகரே ஒருமுறை மெச்சினார். எஸ்னாத்தி அவர் பேசும்போதெல்லாம் முன்னால் சாய்ந்து, அவருடைய தலை வகிட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். பாவம், பதிலுக்கு ஏங்கிக் கிடக்கிறாள் என்று ஜைலோசி நினைத்துக்கொள்வான். பதில் வந்துவிட்டால் இறங்கிவிடுவாள், தன் தோளுக்கும் ஓய்வு கிடைக்கும் என்றும்.

வந்தது. ஐந்தாண்டு முடிந்து நாடாளுமன்றம் கலைக்கப்படும் நாளன்று, நாலாவது அமைச்சர் மூச்சு விடாமல் படித்து முடித்தார்: பேராசையால் லாரியை ஏற்றியவன் படகோட்டியே; அவனும் இறந்துவிட்டதால் விவகாரம் முடிக்கப்படுகிறது. இரு தரப்பும் மேசையைத் தட்டின. ரைட்வெல் எழுந்து, நீதி கிடைத்தது என்று நன்றி சொன்னார். மாடத்தில் ஜைலோசியும் மெலியாவும் காவலர் அறையிலிருந்து இழுத்து வந்த மெத்தையை விரித்துக்கொண்டு அண்ணாந்து நின்றார்கள். எஸ்னாத்தி இறங்கவில்லை. எழும்பினாள். உச்சந்தலை கூரையில் இடித்து, சுண்ணாம்பு உதிர்ந்து மெத்தையில் விழுந்தது.

"என்னடா ஜைலோசி, எல்லாம் தலைகீழா நடக்குது?" என்றாள் மெலியா.

"எனக்கென்ன தெரியும்? இந்த எடத்துல எது நேரா நடந்திருக்கு?"

செங்கோல் வெளியே எடுத்துச் செல்லப்பட்டது. உறுப்பினர்கள் கைகுலுக்கிக்கொண்டு தேர்தல் வேலைக்குக் கிளம்பினார்கள். விளக்குகள் பாதி அணைந்தன. மெலியா மெத்தையைச் சுருட்டிக்கொண்டு போனாள். இப்போது அவை இல்லை; அவை இல்லாத இடத்தில் விதியும் இல்லை. ஜைலோசி வழக்கம் போலத் தேநீர் டின்னை ஏற்றியபோது, அவள் வாங்கி ஒரு மடக்குக் குடித்துத் தொண்டையைச் செருமினாள். துருப்பிடித்த கீல் திறந்தது போல இருந்தது.

"சக்கரை கம்மி, தம்பி."

ஜைலோசிக்குக் கம்பு கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுத்தான். 

"அதான் பதில் வந்துடுச்சேக்கா. இறங்கி வாங்க. ஊர் போய்ச் சேருங்க."

"பதில் கேக்க நான் வரலையே."

"பின்ன எதுக்கு இத்தன வருஷம்?"

அவள் டின் மூடியில் இருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள். துறையில் அன்று நடந்ததைப் போலீஸ் சாவடியில் சொன்னாளாம், விசாரணைக் குழுவிடம் சொல்லப் போனாளாம். எல்லாரும் அவள் தட்டிலிருந்த மாந்தாசியைத் தின்றுகொண்டே, அப்புறம் வா என்றார்களாம். படகோட்டி இவ்வளவு சுமை தாங்காது என்று கையெடுத்துக் கும்பிட்டதும், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ஒருவன் அவனை அடிக்கப் பாய்ந்ததும், அவள் அடுப்புக்குப் பத்தடி தள்ளித்தான் நடந்தன.

"ஒரே ஒரு தடவ அவன் நிமிந்து என்னப் பாக்கட்டும்னு வந்தேன், தம்பி. என் மூஞ்சி அவனுக்குத் தெரியும். பாத்துட்டா அப்புறம் அவனுக்கு வாயில பேச்சு வராது. அதுக்குத்தான்."

"யாரு, அமைச்சரா?"

"எலெக்‌ஷன்ல ரைட்வெல் ஜெயிச்சிருவானா?"

"ஜெயிக்காம? உங்க ஊருக்காக அழுத மனுசனாச்சேக்கா."

"அப்ப இங்கதான் வருவான். நானும் இங்கயே இருக்கேன். நாளைக்குச் சக்கரை கொஞ்சம் தூக்கலா போடு." காலி டின்னைக் கம்பில் மாட்டிவிட்டு, நீலத் துணியை முழங்காலுக்கு மேல் சரிசெய்துகொண்டாள். "அந்த சிமெண்ட் லாரி அவனோடது."