சொந்தப் பெண்டாட்டிக்கு என்ன கூலி

எங்கள் தொழிலில், படுத்துவிட்ட வாஷிங் மெஷின்களுக்கு வைத்தியம் பார்ப்பது என் மனைவி. நான் பையைத் தூக்குவேன், அழைப்பு மணியை அடிப்பேன், வேலை முடிந்ததும் ரேட் சொல்வேன். வேனைக்கூட அவள்தான் ஓட்டுகிறாள். வாய் உள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என்னைப் பிழைக்க வைத்தது அவள் கை. என் வாய் அந்தக் கையில் இருப்பதைப் பிடுங்கித் தின்றுகொண்டிருந்தது.

விஷயம் இதுதான். சிலருக்குப் பாம்பைக் கண்டால் நடுக்கம், எனக்கு வாடிக்கையாளரின் புருவத்தைக் கண்டால். அது லேசாக மேலே போனால் போதும், நான் சொன்ன ரேட் கீழே வந்துவிடும். புருவமே இல்லாத ஒருவர் வீட்டில்கூடக் குறைத்திருக்கிறேன். வீட்டுக் கதவை நானே திறந்து வைத்துவிட்டு, திருடனுக்கு இருட்டில் கால் தடுக்கக் கூடாதே என்று விளக்கும் பிடிக்கிற ரகம்.

ஒரு நாள் ஒரு வீட்டில், சின்ன வேலைதானே என்று ஒரு அம்மாள் இழுத்தார். ஆமாங்க, சின்ன வேலைதான் என்று நானே ஒப்புக்கொண்டு பாதியை விட்டுவிட்டேன். அந்தச் சின்ன வேலைக்காக என் மனைவி மெஷினுக்கு அடியில் மல்லாந்து படுத்து, தோள் சிராய்த்து எழுந்து வந்திருந்தாள். இரவு சாப்பிடும்போது இதை ஒரு நகைச்சுவையாக எடுத்துவிட்டேன். அந்த அம்மாளைப் போலப் பேசியும் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. எண்ணெய் தடவிய தோளைத் துணியால் மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலையில் நான் ஸ்பேனர்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து வந்து எதிரே நின்றாள். ஒரு பெரிய கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு மெக்கானிக் வேலைக்கு மனு போட்டிருக்கிறாளாம். போய் வேலை செய்தும் காட்டிவிட்டாளாம். அவர்களுக்குப் பிடித்துப்போய்விட்டதாம், இன்று சம்பளம் பேச போன் பண்ணுவார்களாம். இதெல்லாம் எப்போது நடந்தது என்று கேட்டேன். நான் என் மாமன் மகனுடைய பழைய மெஷினுக்கு விலை பேசித் தருகிறேன் என்று போய், வாங்க வந்தவனுக்கு இனாமாகக் கொடுத்துவிட்டு வந்தேனே, அன்றைக்குத்தான் என்றாள்.

"இன்னைக்கு ஒரே ஒரு வீடு. ரேட் சொல்லுங்க. சொல்லிட்டு வாயை மூடிக்குங்க. ஒரு காசு குறைச்சீங்கன்னா, அவங்க என்ன சம்பளம் சொன்னாலும் சரின்னு சொல்லிட்டுப் போயிடுவேன்."

"வாயை மூடிக்கிட்டா இந்தத் தொழில்ல எனக்கு என்னம்மா வேலை?"

"அதைத்தான் நானும் ரொம்ப நாளா யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

விளையாட்டாகச் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்கு அங்கே இடமே இல்லை. அவள் போய்விட்டால் தொழில் என்று மிச்சமிருப்பது நானும் ஒரு பையும். பையையாவது யாராவது வாங்குவார்கள்.

போன வீடு நான்காவது மாடியில். லிஃப்ட் கதவில் பழுது என்று எழுதி ஒட்டியிருந்தது. படி ஏறும்போது ரேட்டை மட்டும் சொல்லி வாயை மூடிப் பழகினேன். மூன்றாவது மாடியில் எதிரே வந்த ஒருவர் நான் தனியாக முனகுவதைப் பார்த்துச் சுவரோரமாக ஒதுங்கிப் போனார்.

கதவைத் திறந்தவர் வீட்டுக்குள்ளேயும் இஸ்திரி போட்ட சட்டையைப் பேண்டுக்குள் விட்டிருந்தார். மூக்குக் கண்ணாடி கயிற்றில் கட்டி மார்பில் தொங்கியது. மெஷினில் என்ன கோளாறு என்பதை என்னிடம் விளக்கினார். பக்கத்தில் நின்றவள்தான் மெக்கானிக் என்று சொன்னேன். அப்படியா, நல்லது என்று சொல்லிவிட்டு மறுபடியும் என்னிடமே விளக்கினார். எனக்குப் புரிந்ததாகத் தலையாட்டினேன். அதில் எனக்கு நல்ல அனுபவம்.

குளியலறை ஒடுக்கமானது. சுவருக்கும் வாஷ்பேசினுக்கும் நடுவில் மெஷினைச் செருகி வைத்திருந்தார்கள். உள்ளே சாம்பல் நிறத் தண்ணீர் வெளியே போகாமல் தேங்கி, நாற்றம் கதவுவரை வந்தது. குழாயடியில் கண்ணாடிக்காரரின் மனைவி குந்தி உட்கார்ந்து படுக்கை விரிப்புகளைக் கையால் கசக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் நுழைந்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். முழங்கைவரை சிவந்திருந்தது. மெஷின் நின்று எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று கேட்க நினைத்தேன். வாயை மூடிக்கொள்ளும் நாள் என்பது ஞாபகம் வந்தது.

என் மனைவி மெஷினின் அடியில் இருந்த சின்ன மூடியைத் திறந்து, தண்ணீரை வாளியில் இறக்கினாள். அடைப்பைக் கையை விட்டு எடுத்தாள். ஹேர்பின்கள், சட்டைப் பட்டன்கள், பாதிச் சீப்பு, கறுப்பு நூல் சுருள் என்று வந்துகொண்டே இருந்தது. எல்லாவற்றையும் ஒரு பழைய தட்டில் பரப்பி வைத்தாள். இது அவள் வழக்கம். எடுத்ததை வீட்டுக்காரர் பார்க்க வேண்டும். அழுக்குத் தண்ணீரையும் பணம் கைக்கு வரும்வரை கொட்ட மாட்டாள். சுத்தமான இடத்தைப் பார்த்தால் இங்கே என்ன வேலை நடந்தது என்று கேட்கத் தோன்றும், வாளியைப் பார்த்தால் தோன்றாது என்பது அவள் கணக்கு. தண்ணீரை வெளியே தள்ளும் பம்பு அடைப்பில் சிக்கி உடைந்திருந்தது. பையிலிருந்து புதியதை எடுத்து மாட்டி, தண்ணீர் விட்டு ஓட்டிக் காட்டினாள். மெஷின் பசுமாடு மாதிரி சாந்தமாக முனகிக்கொண்டு தண்ணீரைத் தள்ளியது. குழாயடியில் இருந்த பெண் கசக்குவதை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார்.

ரேட்டைச் சொன்னேன். பம்புக்கு இவ்வளவு, லேபர் இவ்வளவு. சொல்லிவிட்டு வாயை மூடினேன்.

கண்ணாடிக்காரரின் புருவம் மேலே போனது. நான் அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதே பம்பு இன்டர்நெட்டில் குறைவு என்றார். பேசவில்லை. காபி ஆறுவதற்குள் முடிந்த வேலை என்றார். எங்களுக்குக் காபியே தரவில்லை என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். பக்கத்துத் தெருவில் வேறொருவன் பாதிக்குச் செய்வான் என்றார். அதற்கும் சும்மா இருந்தேன். இப்படி நான் நின்றதை என் அப்பா பார்த்திருந்தால் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பார்.

அப்போதுதான் அவர் சிநேகிதமாக என் தோளில் கை போட்டார். இரண்டு ஆண்கள் தனியாகப் பேசிக்கொள்கிற குரலில், ஆனால் குளியலறைக்கே கேட்கும்படி சொன்னார்:

"பம்புக்குக் காசு வாங்கிக்கோ தம்பி, நியாயம். லேபர் எதுக்கு? நீ என்ன ஆள் வச்சுச் சம்பளமா குடுக்கிறே? சொந்தப் பெண்டாட்டிதானே."

நான் சிரித்தேன்.

குறைக்கவில்லை. ஒரு காசும் குறைக்கவில்லை. சும்மா சிரித்தேன். யார் தோளில் கை போட்டாலும் சிரிக்கிற பிறவி நான். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் என் மனைவி மறுபடி மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

புதிய பம்பைக் கழற்றினாள். அதைத் துடைத்துப் பெட்டியில் போட்டுப் பைக்குள் வைத்தாள். உடைந்த பம்பை எடுத்து இருந்த இடத்திலேயே மாட்டினாள். தட்டில் இருந்த ஹேர்பின்களையும் பட்டன்களையும் சீப்பையும் நூலையும் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி, மூடியைத் திருகினாள். என்னம்மா பண்றே என்று கண்ணாடிக்காரர் கேட்டார். அவள் திரும்பவில்லை. வாளியைத் தூக்கி, அந்த நாறிய தண்ணீர் முழுவதையும் மெஷினுக்குள் ஊற்றினாள். ஒரு சொட்டைக்கூட வாளியில் வைத்துக்கொள்ளவில்லை.

"பம்பு எங்களோடது, எடுத்துக்கிட்டேன். ஹேர்பின், பட்டன், தண்ணி எல்லாம் உங்களோடது, வச்சுட்டேன். சரி பார்த்துக்குங்க. கூலி கிடையாதுல்ல, அந்த வேலையையும் திரும்ப எடுத்துக்கிட்டேன்."

கையைக் கழுவினாள். வெளியே போய்விட்டாள். எங்களைப் பற்றி நாலு இடத்தில் எழுதி நாறடித்துவிடுவதாகக் கண்ணாடிக்காரர் கத்தினார். பையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடினேன்.

மூன்றாவது மாடிப் படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, நான் குறைக்கவில்லையே என்றேன். சத்தியமாக ஒரு காசுகூட இறங்கவில்லையே என்றேன்.

"குறைச்சிருந்தாக்கூட இவ்வளவு எரிஞ்சிருக்காது. சிரிச்சீங்க. அவன் சொன்னது உங்களுக்குப் புதுசா இருந்திருந்தா சிரிப்பு வந்திருக்காது."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எத்தனை வீட்டில் எவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கிறேன் என்று மனசு பின்னால் ஓடியது. பம்பு விலையில் நான் குறைத்ததே இல்லை. குறைத்தால் கடைக்காரன் சட்டையைப் பிடிப்பான். பெட்ரோலில் குறைத்ததில்லை. எந்த வீட்டில் எந்தப் புருவம் ஏறினாலும் நான் எடுத்து நீட்டியது லேபரை மட்டும்தான். தாராள மனசுக்காரன் என்று எனக்குப் பேர். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்தவன் கதைதான். அந்தக் கண்ணாடிக்காரன் வாயால் சொன்னதை நான் இத்தனை வருஷமாகச் செய்துகாட்டியிருக்கிறேன். சொன்னவனாவது ஒரு நாள்தான் சொன்னான்.

கோபம் வந்தது. எனக்கு அது பழக்கமில்லாத சாமான். காது சுட்டது, யாரை அடிப்பது என்று தெரியாமல் பையை அடித்தேன். உள்ளே இருந்த ஸ்பேனர் என் விரலை அடித்தது.

மேலே வாளி ஒன்று தரையில் மோதுகிற சத்தம். ஒரு பெண் குரல், பிறகு ஒரு ஆண் குரல், பிறகு பெண் குரல் மட்டும். கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்காரர் படியின் தலைப்பில் வந்து நின்றார். சட்டை பேண்டிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது.

"சரி, வாப்பா. நீ சொன்னதையே தர்றேன். வந்து மாட்டிக் குடுங்க."

என் மனைவி எழவில்லை. ரேட் சொல்வது அவர்தான், அவரிடமே பேசுங்கள் என்பதுபோல என்னைக் காட்டினாள். பார்வை மட்டும் என் மேலேயே இருந்தது.

"ரேட் மாறிடுச்சு சார்," என்றேன். "இப்ப ரெண்டு தடவை மாட்டின வேலை. பம்புக்கு அதேதான். லேபர் ரெண்டு மடங்கு."

அநியாயம் என்றார். கொள்ளை என்றார். குடும்பமாகச் சேர்ந்து ஊரை ஏமாற்றுகிறீர்கள் என்றார். அவருக்குப் பின்னால், கதவிடுக்கில், நனைந்த புடவையோடு அவர் மனைவி நின்றிருந்தார். முழங்கையின் சிவப்பு இங்கிருந்தே தெரிந்தது. என் மனசு வெண்ணெய் மாதிரி இளகத் தொடங்கியது. பாவம், ஒரு மடங்கே போதும் என்று ஒரு குரல் உள்ளே எழுந்தது. யாருடைய மடங்கை யாருக்குக் கொடுக்கிறாய் என்று இன்னொன்று கேட்டது. உதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டேன்.

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். கடைசியில், சரி, வந்து தொலைங்க என்றார்.

"பம்பு காசை என்கிட்ட கொடுங்க," என்றேன். "லேபரை அவங்க கையில கொடுங்க."

வேலை முடிந்து அவர் பணத்தை என் மனைவியிடம் நீட்டியபோது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். என்னிடம் தரவில்லை. நான் கையும் நீட்டவில்லை.

வேனில் ஏறி உட்கார்ந்ததும் போன் வந்தது. கம்பெனி. அவள் ஸ்பீக்கரைப் போட்டு, போனை ஸ்டியரிங்குக்கு மேலே வைத்தாள். நான் கேட்க வேண்டும் என்று நினைத்தாளோ, கை ஈரமாக இருந்ததோ. அந்தப் பக்கம் ஒரு இளைஞன், தேன் தடவிய குரல். வேலை எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்றான். ஒரு சம்பளம் சொன்னான். அது நேற்று ஸ்குரூ டிரைவர் பிடிக்கக் கற்றுக்கொண்டவனுக்குத் தருகிற சம்பளம் என்று எனக்கே தெரிந்தது. தனக்குப் பல வருஷ அனுபவம் இருக்கிறது என்றாள் இவள்.

"அது உங்க வீட்டுக்காரர் கூடத்தானே மேடம் பார்த்தீங்க? அதை அனுபவமா எடுத்துக்க முடியாது."

அவள் தன் சம்பளம் எவ்வளவு என்று ஒரு தொகையைச் சொன்னாள். சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். அவன் சரி என்று சொல்லிவிடக் கூடாதே என்று ஒரு பக்கம் வேண்டிக்கொண்டேன். சொல்லாமல் போனால் அவனை உதைக்க வேண்டும் என்று இன்னொரு பக்கம் பல்லைக் கடித்தேன்.

அவன் சிரித்தான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத, வழுவழுப்பான, ரொம்ப நல்லவனுடைய சிரிப்பு. அந்தச் சிரிப்பை எங்கே கேட்டாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

"அப்ப வேண்டாம்," என்று சொல்லிப் போனை அணைத்தாள்.

எனக்குத் தெரிந்ததிலேயே பெரிய கெட்ட வார்த்தையைச் சொல்லி அவனைத் திட்டினேன். போனைக் கொடு, நான் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்கிறேன் என்றேன். அவள் தரவில்லை. கண் கலங்கியிருந்தது, ஆனால் துடைக்கவில்லை.

"உங்ககிட்டயே இருந்துடுறேன்னு நினைச்சுக்காதீங்க. வேற கம்பெனியும் இருக்கு. அதுவரைக்கும், நாளையிலேர்ந்து ரேட்டை நான் சொல்றேன்."

"அப்ப நான்?"

"பை இருக்குல்ல."

வேன் குலுக்கிக்கொண்டு கிளம்பியது. கோபம் தீரவில்லை என்பது அவள் கியர் போட்ட விதத்திலேயே தெரிந்தது. நான் பையை மடியில் வைத்துக்கொண்டு, வழி நெடுக வாயைத் திறக்கவில்லை.