தக்காளிப் பாத்தி

தக்காளி விதை போட்ட மறுநாளே வீட்டுக்காரர் மண்ணை விரலால் கிளறிப் பார்த்தார். அதற்கடுத்த நாளும்.

"இப்படிக் குடைஞ்சா எப்படிங்க முளைக்கும்?" என்று மனைவி கத்தியும் கேட்கவில்லை. சரிதான் போ என்று, சமையலுக்கு முளைகட்டியிருந்த பயறை எடுத்துவந்து பாத்தியில் வரிசையாக ஊன்றிவிட்டாள்.

"தக்காளி வந்தாச்சுடி!" என்று தெருவுக்கே கேட்கக் கூவினார் மனுஷன். கிளறுவதையும் விட்டார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த வாரம் பயறுக்கு நடுவே நிஜத் தக்காளி தலைகாட்டியது. அவள் ஓடிப் போவதற்குள் அவர் ஒன்றுவிடாமல் பிடுங்கிவிட்டிருந்தார்.

"ஒரே களை! விதைச்சவனுக்குத்தானே தெரியும், எது பயிருன்னு?"

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றாள் அவள்.