பஸ்ஸுக்கு டிக் அடித்தவன்

மனித மூளையை அளக்கும் கோல் இதுவரை பிறக்கவில்லை, இனியும் பிறக்காது, இதை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்பு கம்பெனி கேட்டுக்கு எதிரே, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி, முழுப் பொறுப்புடன் அறிவிக்கிறேன்... யாரிடம்? டீ கிளாசிடம்தான், பக்கத்தில் இருக்கும் மணவாளன் கேட்கிற நிலையில் இல்லை, கேட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறான், காலையில் எழுதிய அறிவுத்திறன் தேர்வின் முடிவை மத்தியானச் சங்கு ஊதியதும் ஒட்டுவார்களாம், ஸ்டோர்ஸில் பயிற்சி எழுத்தர் வேலை, அவனுக்கு அது கிடைத்தே ஆகவேண்டும், தை பிறந்தால் அவன் அப்பா ஆவடி ராணுவ டாங்கித் தொழிற்சாலையிலிருந்து ரிடையர் ஆகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். எனக்கு? எனக்கும் வேண்டும்தான், ஆனால் கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் 'மூளைக்கு இஞ்ச் டேப்' என்று கட்டுரை எழுதியவன் அதை வெளியே காட்டலாமா? கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மனிதனை எடைபோடும் ஆசாமிகளை அதில் கிழித்திருந்தேன், இன்று தேர்வு ஹாலில் மேற்பார்வைக்கு நின்றவரும் அப்படித்தான், எங்கள் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை, முள்ளையே பார்த்தார்...

கேள்வியாவது ஒழுங்கா? நான்கு படம், பஸ், லாரி, கார், டாங்கி, இதில் சேராதது எது... நான் டாங்கிக்கு டிக் அடித்தேன், யோசிக்கவே இல்லை, நீ என்னடா போட்டாய் என்றால், "பஸ்ஸு" என்கிறான். ஏன்டா? "மத்த மூணும் நம்ம ஊட்டாண்ட வர்துல்ல மச்சான்? பஸ்ஸு எங்க வர்து?" உண்மைதானே, ஓட்டிப் பார்க்க எடுக்கும் டாங்கி குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் போகும்போது அவன் அம்மா சொர்ணம் அலமாரி டம்ளர்களை இரண்டு கையாலும் அணைத்துக்கொள்வார், கேஸ் லாரி வருகிறது, ஆபீசர் கார் வருகிறது, பஸ்ஸுக்குத்தான் வெயிலில் மெயின் ரோடு வரை நடக்கவேண்டும், கேள்வி தயாரித்தவரை ஒரு வாரம் ஆவடியில் குடிவைத்தால் விடையை மாற்றிவிடுவார்! நீதான்டா மேதை, அடுத்த கட்டுரையே உன்னைப் பற்றித்தான் என்றேன். "கலாய்க்காத மாமே, சங்கு ஊதப்போவுது."

சங்கு. வாட்ச்மேன் பசை தடவினார், கூட்டம் முண்டியது, என் பெயர் இருந்தது, இரண்டாவதாக... இரண்டாவதா? முதலாவது எவன்? சீச்சி, இஞ்ச் டேப்புக்கு ரேங்க் வேறா... மணவாளன் மேலிருந்து கீழே படித்தான், கீழிருந்து மேலே படித்தான், பிறகு என் தோளில் தட்டி, "ட்ரீட்டு எப்ப நைனா?" என்றான். சிரித்தான்கூட.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டை அவனுக்கு விட்டேன், ஏன் விட்டேன், எப்போதும் அதற்குச் சண்டைதானே போடுவோம்... ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டுமே, ரயில்வே பரீட்சைக்கு மனுப்போட அடுத்த மாதம்தான் கடைசித் தேதி என்று ஆரம்பித்தேன், "மொதல்ல... போஸ்ட் ஆபீஸ் போ. அங்க... ஃபாரம் கேளு. வாங்கி... பத்திரமா வெச்சிக்கோ. புரிஞ்சிதா?"

"புர்து. இன்னாத்துக்கு இப்டி கத்துற? காது நல்லாத்தான் கேக்குது."

கத்தினேனா? பஸ் இரைச்சல், அதனால்தான்... ஆனால் காலையில் இதே இரைச்சலில் வளவளவென்று பேசிக்கொண்டுதானே வந்தோம், இப்படி ஒவ்வொரு சொல்லாகவா எடுத்துக் கொடுத்தேன்? சரி, விடு, சாதாரணமாகப் பேசு, "வீட்ல இன்னா சொல்லப்போற?" என்று கேட்டேன், அவன் வெளியே ஓடும் கம்பெனிச் சுவர்களைப் பார்த்தான், உதட்டைக் கடித்தான், யோசித்தான், இன்னும் யோசித்தான்... என் மணிக்கட்டு எப்போது திரும்பியதென்று தெரியவில்லை, நான் கடிகார முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.