மருத்துவக் காரணம் இல்லை

குமுதா படித்தது ஒரே பட்டத்துக்குள் இரண்டு படிப்பு. பாதி சிறப்புக் கல்வி ஆசிரியப் பயிற்சி, மறுபாதி உளவியல். நிபோங் திபாலில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவள் அப்பா தங்கராஜு, யார் கேட்டாலும், "எம்மவ டீச்சருக்கும் படிக்கிறா, டாக்டருக்கும் படிக்கிறா" என்றுதான் சொல்வார். இதைப் படித்தால் டாக்டராக முடியாதப்பா என்று முதல் வருடம் திருத்திப் பார்த்தாள். மூன்றாம் வருடம் விட்டுவிட்டாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அந்த மூன்றாம் வருடத்தில் பத்து வாரப் பள்ளிப் பயிற்சி வந்தது. ஜெலுத்தோங்கில் மலாய்வழித் தேசியப் பள்ளி ஒன்று, அதில் ஏழு பிள்ளைகள் கொண்ட சிறப்புக் கல்வி வகுப்பு. ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, அதன் நடத்தையில் ஒன்றை மாற்றிக் காட்டி, வரைபடத்தோடு அறிக்கை கொடுக்க வேண்டும். பாதி மதிப்பெண் அதற்குத்தான்.

குமுதா அமீராவைத் தேர்ந்தெடுத்தாள். ஒன்பது வயது, ஆட்டிசம், வாயில் ஒரு சொல் கிடையாது. சில வாரங்களாக உள்ளங்கையால் தலையில் அடித்துக்கொண்டு வீறிடத் தொடங்கியிருந்தாள். எண்ணுவதற்கு வசதியான நடத்தை அது. முதல் வாரம் ஒரு நாளைக்குச் சராசரி நாற்பத்தொரு அடி.

வகுப்பாசிரியர் ஹைருல் மெல்லிய குரல்காரர், பன்னிரண்டு வருட அனுபவம். "போன வருஷமெல்லாம் இந்தப் பிள்ளை இப்படி இல்லை" என்று மலாயில் சொன்னார். "உடம்புக்கு ஏதாவது இருக்குமோ?" குமுதா சிரித்துக்கொண்டே, "பார்த்துவிடலாம் சார்" என்றாள். மனத்துக்குள், இவர் பழைய காலத்து டிப்ளோமா என்று நினைத்துக்கொண்டாள்.

படிவத்தின் முதல் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. 'மருத்துவக் காரணம் இல்லை என உறுதி செய்யப்பட்டது.' அன்று சாயங்காலம் அமீராவின் அம்மா சித்தி ஹாஜராவுக்குப் போன் போட்டாள். ஹாஜரா பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, கணவன் பிரிந்து போய் நாலு வருடம். பின்னால் இயந்திரச் சத்தம்.

"அக்கா, பிள்ளைக்குக் காய்ச்சல் கீய்ச்சல் இருக்கா?"

"இல்ல டீச்சர். ஏன், ஏதும் செஞ்சிட்டாளா?"

"ஒண்ணுமில்லக்கா, சும்மா கேட்டேன்."

போனை வைத்துவிட்டுக் கட்டத்தில் சரி போட்டாள். முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அடுத்து அவள் கண்டுபிடித்தது, அமீரா அடித்துக்கொள்ளும்போதெல்லாம் யாராவது ஓடி வருகிறார்கள் என்பது. ஹைருல் கையைப் பிடிப்பார், உதவியாளர் மடியில் தூக்கிவைத்துக்கொள்வார். ஆக, காரணம் கவனம். மருந்து, திட்டமிட்ட புறக்கணிப்பு. அடித்துக்கொண்டால் யாரும் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது, தொடக்கூடாது. கைகள் அசையாமல் இருந்தால் பரிசாகச் சட்டையில் ஒட்ட ஒரு நட்சத்திர ஒட்டி.

மூன்றாம் வாரம் நாற்பத்தொன்று அறுபத்தேழானது. அமீரா தரையில் உருண்டு குரல் கம்மும்வரை கத்தினாள். குமுதா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு எண்ணினாள். பயந்துபோய்த் தன் விரிவுரையாளர் டாக்டர் ரமணியை அழைத்தாள். மேடம் வந்து, வகுப்பின் பின்வரிசையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

"பாடத்துல படிச்சது இதானே லா, குமுதா" என்றார். "அணையப்போற விளக்கு கொஞ்சம் பெருசா எரியும். இவ்வளவு நாளா கெடைச்சது திடீர்னு கெடைக்கலைன்னா பிள்ளை அதிகமாத்தான் கேக்கும். கூடுதுன்னா சரியாப் போகுதுன்னு அர்த்தம். இப்ப மனசு எளகினா மொத்தமும் போச்சு."

குமுதாவுக்கு உயிர் வந்தது. அதற்குப் பிறகு, அந்தப் பிள்ளை கத்தக் கத்த அவளுக்கு நம்பிக்கை ஏறிற்று.

ஹைருல் மறுபடி ஒரு முறை வந்தார். "கவனித்தீர்களா? எப்போதும் வலது பக்கம்தான் அடித்துக்கொள்கிறாள்." குமுதா குறிப்பேட்டைப் புரட்டினாள். எத்தனை அடி என்பதற்கு ஒரு பத்தி இருந்தது, எத்தனை நிமிடம் என்பதற்கு ஒரு பத்தி இருந்தது. எந்தப் பக்கம் என்பதற்குப் பத்தி இல்லை. "அவள் வலது கைக்காரி சார்" என்றாள். ஹைருல் தன் மேசைக்குத் திரும்பிப் போனார். பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் பட்டக்காரர் வந்து ஒப்புதல் கொடுத்துப் போயிருக்கும்போது அவர் என்ன பேசுவார்?

வீட்டிலும் இதையே செய்தால்தான் பலிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை குமுதா ஹாஜராவின் ஃபிளாட்டுக்குப் போனாள். பதினோராம் மாடி. ஹாஜரா மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, பாய் விளிம்பில் மாணவிபோல உட்கார்ந்து கேட்டாள்.

"அழுவுறப்போ எப்படி டீச்சர் பாக்காம இருக்கிறது?"

"கஷ்டம்தான். ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. நீங்க பாசம் காட்டிக் காட்டித்தான் அவ இப்படி ஆயிட்டா."

ஹாஜரா தலையைக் குனிந்துகொண்டாள். "அவ அத்தாவும், எங்கள விட்டுட்டுப் போறதுக்கு முன்னால, இதத்தான் சொல்லுவாரு" என்றாள்.

ஐந்தாம் வாரத்திலிருந்து கோடு இறங்கியது. முப்பது. பதினேழு. ஒன்பது. எட்டாம் வாரம் இரண்டு. ஒன்பதாம் வாரத்தில் தொடர்ந்து மூன்று நாள் பூஜ்யம். அமீரா மேசைமேல் தலையைச் சாய்த்தபடியே கிடந்தாள். டப்பாவில் சோறு அப்படியே திரும்பிப் போயிற்று. ஒட்டியைக் கையில் கொடுத்தால் அது தரையில் விழுந்தது. குமுதா அதையும் எழுதிவைத்தாள்: 'அமைதியாக இருக்கிறாள்.'

பத்தாம் வாரம் வெள்ளிக்கிழமை, துறையில் எல்லார் முன்னாலும் அறிக்கையைப் படைத்தாள். திரையில் அந்தக் கோடு மலைச்சரிவுபோல அழகாக இறங்கியதைப் பார்த்து அறையே கைதட்டியது. இதை அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு மாதிரியாக வைக்கப்போகிறேன் என்றார் டாக்டர் ரமணி. குமுதா அப்பாவுக்குப் போன் செய்தாள். அவர் லாரியை ஓரம் கட்டிவிட்டுப் பேசினார்.

செவ்வாய்க்கிழமை ஹைருலின் அழைப்பு வந்தது. ஞாயிறு காலை அமீராவுக்கு வாந்தி, பிறகு வலிப்பு. நடுக்காதில் மாதக்கணக்காகச் சீழ் கட்டி, காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பை அரித்து, மூளையைச் சுற்றிய சவ்வுவரை போயிருந்தது. அறுவை முடிந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. வலது காது போய்விட்டது. இவ்வளவையும் செய்தி வாசிப்பவர்போலச் சொல்லி முடித்து, ஹைருல் போனை வைத்தார். நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குமுதாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

டாக்டர் ரமணி தன் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் படிவத்தை எடுத்துப் பார்த்தார்.

"இந்தக் கட்டத்துல சரி போட்டிருக்கியே. எந்த டாக்டர் பாத்தாரு?"

"யாரும் பாக்கல, மேடம். அம்மாகிட்ட போன்ல கேட்டேன்."

"நான் கீழ கையெழுத்துப் போட்டிருக்கேன்." படிவத்தை மூடினார். "அம்மா இல்லைன்னு சொன்னாங்க, நீ எழுதின. இதுல பொய் எங்க இருக்கு? ஆஸ்பத்திரிக்கெல்லாம் போவாத. போய் என்ன சொல்லப் போற?"

குமுதா போனாள்.

வார்டில் அமீரா தலையைச் சுற்றிக் கட்டுடன் கிடந்தாள். முகம் பாதியாக வற்றியிருந்தது. ஹாஜரா குமுதாவைக் கண்டதும் எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். அந்த மரியாதையைத்தான் குமுதாவால் தாங்க முடியவில்லை.

"டாக்டருங்க ஏசுறாங்க, டீச்சர். எத்தனை வாரமா துடிச்சிருப்பா, நீ என்ன தாயின்னு கேக்குறாங்க. ஒருநாள் அவ என் கையப் புடிச்சி இழுத்து அந்தக் காதுல வெச்சிக்கிட்டா. அழுத்தமா வெச்சிக்கிட்டா. தொடக்கூடாதுன்னு நீங்க சொன்னீங்கல்ல? நான் கைய உருவிக்கிட்டேன். டிவி சத்தத்தக் கூட்டி வெச்சேன்."

அதற்குள் தாதி கட்டு மாற்ற வந்தாள். பிளாஸ்திரியை உரித்ததும் அமீரா வாயைத் திறந்து அழுதாள். ஹாஜராவின் இரண்டு கைகளும் மகளை நோக்கிப் போய், பாதி வழியில் நின்றுவிட்டன. அவள் குமுதாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்பத் தூக்கலாமா, டீச்சர்?"

தூக்கலாம் என்று குமுதா தலையை ஆட்டினாள். ஹாஜரா மகளை மடியில் எடுத்துக்கொண்டாள். தாதி போன பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அந்தக் கட்டம், போனில் கேட்ட ஒரு கேள்வி, எந்த டாக்டரிடமும் காட்டச் சொல்லாதது, ஹைருல் இரண்டு முறை எச்சரித்தது. எதையும் குறைக்கவில்லை. சொல்லிவிட்டு அழுதாள்.

ஹாஜரா அழவில்லை. மடியில் கிடந்த மகளின் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டாள். "அப்ப ஒங்களுக்குத் தெரியாமலே தெரிஞ்ச மாதிரி பேசுனீங்க?"

"ஆமாக்கா."

"இத எதுக்கு எங்கிட்ட வந்து சொல்றீங்க? சொன்னா ஒங்களுக்கு லேசாயிரும். நான் யாருகிட்ட போய் சொல்றது? இவகிட்டயா?" குரல் உயரவே இல்லை. "போங்க, டீச்சர். பிள்ள தூங்கணும்."

குமுதா துறைக்குக் கடிதம் எழுதினாள். மூன்று பேர் கொண்ட குழு இருபத்தைந்து நிமிடம் விசாரித்தது. மாணவியின் நேர்மை பாராட்டத்தக்கது என்று எழுதினார்கள். படிவத்தில் மருத்துவர் கையெழுத்துக்கு ஒரு வரி சேர்த்தார்கள். 'ஏ' மதிப்பெண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்ள விதியில் இடமில்லையாம். மாதிரி அறிக்கைப் பட்டியலிலிருந்து மட்டும் அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். டாக்டர் ரமணி அதன் பிறகு தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டாலும் கைப்பேசியைப் பார்த்தபடி நடந்தார்.

அடுத்த வருடம், கடைசிப் பருவத்தில் ஒரு சனிக்கிழமை, ஜெலுத்தோங் பாசாரில் மீன் கடை முன்னால் ஹாஜராவைப் பார்த்தாள். பக்கத்தில் அமீரா, ஒரு தலை உயரமாகியிருந்தாள். ஒதுங்கிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் கால்கள் அவர்களை நோக்கிப் போய்விட்டன.

"அமீரா" என்றாள். பிள்ளை அசையவில்லை.

ஹாஜரா சில்லறையை வாங்கிக்கொண்டே திரும்பினாள். "அந்தப் பக்கம் கேக்காது, டீச்சர். இந்தப் பக்கமா வந்து கூப்பிடுங்க."

குமுதா சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்து, குனிந்து, மறுபடி பெயரைச் சொன்னாள். அமீரா திரும்பினாள். குமுதாவின் முகத்தை ஒரு கணம்தான் பார்த்தாள். பிறகு வீறிட்டாள். மீன்காரர் கத்தியை நிறுத்தினார். காய்கறிக் கூடையோடு நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பிள்ளை மூச்சுக்குக்கூட நிற்காமல், உள்ளங்கையால் தலையின் இரு பக்கமும் மாறி மாறி அடித்துக்கொண்டு கத்தினாள்.

ஹாஜரா மீன் பையைத் தரையில் போட்டாள். பத்து வயதுப் பிள்ளையை, தூக்க முடியாத கனத்தை, இரண்டு கையாலும் அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல், கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தாள். குமுதா மீன் பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

"அக்கா, பை…"

"நீங்க பின்னால வராதீங்க" என்றாள் ஹாஜரா, திரும்பாமலே. "நீங்க வர வர அவ நிறுத்த மாட்டா."