சீல் கிழிந்த பெட்டி

மல்சுனின் வலது கையை ஒருவன் பிடித்திருந்தான். இடது கையை இன்னொருவன். ரயில் நிலையத்திலிருந்து யோங்சான் கம்ப்யூட்டர் அங்காடிக்குள் நுழையும் நடைபாலத்தைத் தாண்டி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"பார்ட்ஸ்தானேம்மா? வாங்க, நம்ம கடைக்கு வாங்க."

"டேய் குவாக், நான்தான் முதல்ல கூப்பிட்டேன். கையை விடு."

"கூப்பிட்டா ஆச்சா? பிடிச்சவனுக்குத்தான் கிராக்கி."

இடது பக்கம் நின்றவன் பாங். தலைமுடிக்கு மஞ்சள் சாயம் பூசிய ஒல்லியான ஆள். அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். வலது பக்கம் நின்ற குவாக் குட்டையானவன், கழுத்தே இல்லாதவன். அவன் பேச்சை வளர்க்கவில்லை. மல்சுனின் தோளுக்கு மேலாக எட்டி பாங்கின் மூக்கில் ஒரு குத்து விட்டான். கொட்டாங்கச்சி உடைகிற மாதிரி ஒரு சத்தம். பாங் அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்தான். அவனுடைய ரத்தம் மல்சுனின் கோட்டுத் தோளில் நாலு சொட்டு விழுந்தது.

"மன்னிச்சுக்குங்கம்மா. இவனுக்குத் தினம் ஒண்ணு வாங்கினாத்தான் சோறு இறங்கும்" என்று சொல்லிக்கொண்டே குவாக் அவளை இழுத்துப் போனான். பின்னாலேயே மகள் ஓடி வந்தாள். சுற்றியிருந்த கடைக்காரர்களில் ஒருவரும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

மல்சுன் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் ஆழமாகப் புதைத்துக்கொண்டாள். அவை அங்கேதான் இருக்க வேண்டும். மாப்போ வட்டாரத்தில் ஒரு பன்றிக்கறி உணவகத்தில் பன்னிரண்டு வருஷமாக மேஜை மேஜையாக நின்று, சுடச்சுடக் கறியைக் கத்திரியால் வெட்டிக் கொடுக்கிற கைகள். ஆண்பிள்ளைக் கைகளைவிடப் பலம் அதிகம். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் குடித்துவிட்டு வந்த ஒருத்தன் அவள் இடுப்பில் கை வைத்தபோது, இடுக்கியைக் கீழே வைக்காமலே திரும்பி அடித்துவிட்டாள். அவனுக்குத் தாடை இரண்டாகப் போனது. நீதிமன்றம் ஒரு வருஷச் சிறை என்று சொல்லி, இரண்டு வருஷம் ஒழுங்காக இருந்தால் உள்ளே போக வேண்டாம் என்று நிறுத்தி வைத்தது. அதில் இன்னும் பத்தொன்பது நாள் பாக்கி. அதற்குள் ஓர் அடிதடி வழக்கு வந்தால் அந்தப் பழைய ஒரு வருஷமும் புதியதோடு சேர்ந்து வந்து விழும்.

யார் முதலில் அடித்தார்கள் என்றெல்லாம் போலீஸ்காரர்கள் பெரிதாகக் கேட்க மாட்டார்கள். இரண்டு பேர் முகத்திலும் காயம் இருந்தால் 'இருதரப்பு' என்று எழுதி இரண்டு பேரையும் உள்ளே தள்ளிவிடுவார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. மல்சுனுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும்.

இன்று அவள் வந்திருக்கவே கூடாது. ஆனால் பதினெட்டு வயது மகள் நாரேவைத் தனியாக இந்த இடத்துக்கு அனுப்ப மனசு வரவில்லை. நாரே கம்ப்யூட்டரில் உருவங்கள் வரைகிறவள். வீட்டில் இருக்கும் பழைய பெட்டி ஒரு படத்தைச் செய்து முடிக்கப் பதினோரு மணி நேரம் எடுத்துக்கொண்டது. ஒரு மாதமாக எங்கெங்கோ படித்து, எந்த பிராசசர் கொடுக்கிற காசுக்கு அதிகம் உழைக்கும் என்று ஒரு தாளில் எழுதி, நாலாக மடித்து உள்ளங்கையில் வைத்திருந்தாள்.

குவாக்கின் கடை ஒரு கண்ணாடி மேஜையும் அதன் பின்னால் ஒரு அலமாரியும்தான். அலமாரியில் இரண்டு கம்பெனிகளின் பிராசசர்கள், நீலப் பெட்டிகளிலும் பச்சைப் பெட்டிகளிலும். அவன் வலது கை நடுவிரலில் ஒரு மோதிரம் இருந்தது. அதில் சிறிய பிளேடு துண்டு ஒன்று பதித்திருந்தது.

"எவ்வளவு விலை வரைக்கும் விசாரிச்சுட்டு வந்திருக்கீங்க?" என்றான். அந்தச் சந்தையில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி அது.

நாரே தாளைப் பிரித்தாள். குரல் வெளியே வரவில்லை. மறுபடி சொன்னாள். "பச்சைப் பெட்டி, ஒண்ணு புள்ளி நாலு ஜிகா. ஒரு லட்சத்து அறுபத்தஞ்சாயிரம் வோன். உங்க விலைப் பலகையிலயே போட்டிருக்கீங்க."

குவாக் சிரித்தான். "யாரும்மா இந்தப் பொண்ணுக்குப் புத்தி சொன்னது? இங்க பாரு, நீலம். ஒண்ணு புள்ளி ஏழு. ரெண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம்தான். ஏழு பெருசா, நாலு பெருசா? ஸ்கூல்ல சொல்லித் தரலையா?"

"எண்ணுதான் பெருசுண்ணே. இது நிறையத் துடிக்கும், ஆனா ஒவ்வொரு துடிப்புலயும் கொஞ்சமாத்தான் வேலை செய்யும். அது கம்மியாத் துடிச்சு ஜாஸ்தி செய்யும். நான் வரையறதுக்குப் பச்சைதான் வேகம்."

"அடேயப்பா. எஞ்சினியரம்மா வந்திருக்காங்க" என்று பக்கத்துக் கடைப் பக்கம் திரும்பிச் சொன்னான். அங்கே பாங், மூக்கில் இரண்டு பக்கமும் காகிதத்தைத் திணித்துக்கொண்டு ஸ்டூலில் வந்து உட்கார்ந்திருந்தான். அது அவன் கடை.

மல்சுன் வாயைத் திறந்தாள். "கத்திரியை எத்தனை தடவை திறந்து மூடறோம்ங்கறதா கணக்கு? ஒரு வெட்டுக்கு எவ்வளவு கறி விழுதுன்னுதான பார்க்கணும். பச்சையைக் குடுங்க."

"சரிம்மா, சரி. பச்சையே எடுத்துக்கலாம். சும்மா இதைக் கண்ணால ஒரு தடவை பாருங்க" என்று நீலப் பெட்டியை எடுத்தவன், பேச்சோடு பேச்சாக மோதிரம் போட்ட விரலை அதன் மூடிமேல் ஒரு இழு இழுத்தான். சீல் இரண்டாகப் பிரிந்தது.

"சீல் கிழிஞ்சாச்சு" என்றான். குரலில் இருந்த சர்க்கரையெல்லாம் போய்விட்டது. "இனி இது உங்களோடது. ரெண்டு லட்சத்துத் தொண்ணூறு."

"கிழிச்சது நீதானே?"

"யார் கிழிச்சா என்ன? யாருக்காகக் கிழிச்சதுங்கறதுதான் இங்க சட்டம். கிழிஞ்ச பெட்டியை நான் வேற எவன் தலையில கட்டறது? இந்த வரிசையில எந்தக் கடையில வேணா கேட்டுப் பாரு."

"கேக்க வேண்டியதில்ல. நாரே, வா போகலாம்."

நாரே திரும்பினாள். குவாக் மேஜைக்கு மேலாக எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்து, பின்பக்கமாக முறுக்கினான். அவள் தோள்பட்டை மேலே எழும்பியது. கையிலிருந்த தாள் கீழே விழுந்தது. "காசைக் குடுத்துட்டு நட. இல்ல, அடி வாங்கணுமா? சொல்லு, வாடிக்கையாளரே, அடி வாங்கணுமா?"

மல்சுனின் வலது கை பையைவிட்டு வெளியே வந்திருந்தது. எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியாது. முஷ்டி மடங்கியிருந்தது. குவாக்கின் காதுக்குக் கீழே தாடை எலும்பு எங்கே மெல்லிசாக இருக்கும் என்று அந்தக் கைக்கு ஞாபகம் இருந்தது.

"அம்மா, வேணாம்" என்று நாரே கத்தினாள். "பத்தொன்பது நாள்தாம்மா இருக்கு."

கை நின்றது. குவாக்கும் நின்றான். அவன் கண்கள் அந்த முஷ்டியைப் பார்த்தன. பிறகு மெதுவாக மல்சுனின் முகத்துக்கு வந்தன.

"ஓ" என்றான். நாரேவின் கையை விட்டான். "கேஸ்ல இருக்கியா? அதான் கையைப் பைக்குள்ள போட்டுக்கிட்டு மகாராணி மாதிரி நடந்தியா?" மேஜையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, முகத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "அடி. இந்தா, இங்க அடி. கன்னம் வேணுமா, மூக்கு வேணுமா?" உள்ளங்கையால் அவள் நெற்றியைத் தட்டினான். ஒன்று. இரண்டு. மூன்றாவது அறையாகவே விழுந்தது.

மல்சுன் அவனைத் தாண்டி மேஜைக்கு மேலாக எட்டி, அலமாரியிலிருந்து ஒரு பச்சைப் பெட்டியை எடுத்தாள். அதில் ஒன்று புள்ளி நான்கு என்று போட்டிருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு சீலைப் பல்லால் கடித்துக் கிழித்து, அவன் காலடியில் துப்பினாள்.

"சீல் கிழிஞ்சாச்சு. இது என்னோடது. ஒரு லட்சத்து அறுபத்தஞ்சாயிரம்."

பாங் முதலில் சிரித்தான். சிரித்ததில் மூக்கிலிருந்த காகிதம் தெறித்து விழுந்தது. பிறகு எதிர்க்கடையில் ஒருவர் சிரித்தார். வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. "குவாக், உன் சட்டம்தான்டா. பில்லைப் போடு" என்று யாரோ சொன்னார்கள்.

அந்தச் சிரிப்புத்தான் அவனைக் கெடுத்தது. காசு போயிருந்தால்கூட அவன் பொறுத்திருப்பான்.

முதல் குத்து அவள் வாயில் விழுந்தது. பல் ஒன்று நாக்கின் மேல் புரண்டது. இரண்டாவது கண்ணுக்குக் கீழே. அவள் பின்னால் சாய்ந்து, கண்ணாடி மேஜையில் இடித்துச் சரிந்து தரையில் விழுந்தாள். பெட்டியை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கிச் சுருண்டாள். பெட்டியை விட்டால் கை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே விடவில்லை. அவன் விலாவில் உதைத்தான். அதே இடத்தில் மறுபடி. அவன் ஒவ்வொரு உதைக்கும் ஒற்றைக் காலில் நிற்பதைத் தரையிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நிற்கிற அந்த முழங்காலின் பக்கவாட்டில் ஒரே ஓர் உதை போதும், ஆயுசுக்கும் நொண்டுவான். அவள் பெட்டியை இன்னும் இறுக்கினாள். அட்டை நசுங்கியது. உள்ளே பிராசசரின் சூட்டைத் தணிக்க வைத்திருந்த ஹீட்சிங்கின் அலுமினியத் தகடுகள் அட்டையைக் கிழித்துக்கொண்டு உள்ளங்கைகளில் இறங்கின.

நாரே அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துத் தொங்கினாள். அவன் முழங்கையால் ஒரு தள்ளு தள்ள, அவள் பாங்கின் ஸ்டூலோடு உருண்டாள். "போலீஸைக் கூப்பிடுங்க" என்று எழுந்து நின்று கத்தினாள். வாழ்க்கையில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசியதே இல்லை.

கடைசியில் பாலத்துப் பக்கமிருந்து போலீஸ் விசில் சத்தம் கேட்டது. குவாக் உதைப்பதை நிறுத்தினான். மூச்சு வாங்கியது. காலடியில் கிடந்தவளைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். முஷ்டி எலும்பின் மேல் அவளுடைய பல் பட்டுத் தோல் கிழிந்திருந்தது. ஒரு கணம் யோசித்தான். பிறகு குனிந்து, தன் முகத்தை மேஜை விளிம்பில் ஓங்கி இடித்தான். உதடு பிளந்தது. போதாது என்று நினைத்தானோ என்னவோ, இன்னொரு முறை இடித்தான்.

நரைத்த தலையோடு ஒரு போலீஸ்காரரும், பின்னால் இளையவர் ஒருவரும் வந்து சேர்ந்தபோது, குவாக் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

"சார், இவதான். கடையில புகுந்து பெட்டியை உடைச்சா. கேட்டதுக்கு மூஞ்சியில குத்திட்டா. நானும் தடுத்தேன், இல்லேங்கல. இவ மேல ஏற்கெனவே கேஸ் இருக்கு, பார்த்துக்குங்க."

"பொய்" என்றாள் நாரே. "அவரே மேஜையில இடிச்சுக்கிட்டாரு."

"யாராவது தானா இடிச்சுக்குவாங்களா பாப்பா?" என்றார் பெரியவர், சலிப்போடு. பாங்கின் பக்கம் திரும்பினார். "நீ பார்த்தியா?"

பாங் குவாக்கைப் பார்த்தான். நாளைக்கும் அதே பாலத்தில் அவன் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். "நான் மூக்கைத் துடைச்சுக்கிட்டு இருந்தேன் சார்."

"உன் மூக்கு என்ன ஆச்சு?"

"கதவு இடிச்சுது."

"இங்க பூரா கதவும் மேஜையும்தான் அடிக்குது போல." அவர் மல்சுனின் அடையாள அட்டையை அவள் பையிலிருந்து எடுத்து இளையவரிடம் கொடுத்தார். இளையவர் கையிலிருந்த கருவியில் எண்ணைச் சொன்னார். பதில் கரகரவென்று வந்தது. இளையவர் தலையாட்டினார். "ஆமா சார். தாடையை உடைச்ச கேஸ். நிறுத்தி வச்ச தண்டனை."

பெரியவர் பெருமூச்சு விட்டார். குறிப்பேட்டைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார். நாரே அந்தப் பேனாவையே பார்த்தாள். அது எழுதப்போகும் வார்த்தை அவளுக்குத் தெரியும். அம்மா எழுந்து உட்காரக்கூட முடியாமல் மேஜைக்காலில் சாய்ந்திருந்தாள். ஒரு கண் மூடிப்போயிருந்தது.

"அம்மா, அதைக் கொடுங்க" என்றார் அவர், பெட்டியைக் காட்டி.

மல்சுன் கொடுக்கப் பார்த்தாள். முடியவில்லை. "கை வரல சார்" என்றாள். வாயிலிருந்து எச்சிலும் ரத்தமும் சேர்ந்து வந்தது.

அவர் முட்டி போட்டு உட்கார்ந்தார். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். இறுகிப்போன விரல்கள் மரக்குச்சிபோல ஒவ்வொன்றாகத்தான் வந்தன. தகடுகள் சதையில் அரை அங்குலம் இறங்கியிருந்தன. உருவியபோது அவள் முனகினாள். உள்ளங்கை இரண்டிலும் சீப்பால் கீறியதுபோல் வரிசையாக வெட்டுகள். அவர் கைகளைத் திருப்பிப் பார்த்தார். தன் கைக்குட்டையால் முஷ்டி எலும்புகளின் மேல் வழிந்திருந்த ரத்தத்தை மெதுவாகத் துடைத்தார். அடியில் ஒரு கீறல்கூட இல்லை. வெளுத்த, சூட்டுத் தழும்புள்ள, முழுசான தோல்.

எழுந்து போய்க் குவாக்கின் வலது கையைப் பிடித்துத் தூக்கி, முஷ்டியில் கிழிந்திருந்த தோலைப் பார்த்தார்.

"இந்த அம்மா உன்னை எந்தக் கையால அடிச்சாங்க?"

"வலது கை, சார்."

"வலது கை இந்தப் பெட்டிக்குள்ள தச்சு இருந்துது."

"அப்ப இடது..."

"அதுவும்தான்."

குவாக் அவள் கால்களைப் பார்த்தான். "காலால, சார்."

"உன் உதட்டுலயா? படுத்துக்கிட்டே?"

எதிர்க்கடைக்காரர் தும்முவதுபோல ஒரு சத்தம் செய்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். பெரியவர் குறிப்பேட்டில் எழுதினார். நாரே எட்டிப் பார்த்தாள். 'ஒருதரப்பு' என்றிருந்தது. அவள் அந்த வார்த்தையை இரண்டு முறை படித்தாள். தரையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இளையவர் குவாக்கின் கைகளைப் பின்னால் வளைத்துப் பூட்டினார்.

"நாரே" என்றாள் மல்சுன். "காசைக் குடுத்துடு."

"இவனுக்காம்மா?"

"சும்மா எடுத்துட்டுப் போனா அது வேற கேஸ்."

நாரே ஒரு லட்சத்து அறுபத்தையாயிரத்தைக் கண்ணாடி மேஜையில், ரத்தம் படாத இடமாகப் பார்த்து வைத்தாள். பிறகு அவளுக்கு என்ன தோன்றியதோ, இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"ரசீது வேணும்" என்றாள். குரல் நடுங்கவில்லை.

குவாக்கின் கைகள் பின்னால் பூட்டியிருந்ததால், பாங் எழுந்து வந்து அதை எழுதிக் கொடுத்தான்.